பதினேழு நல்லா இருக்கா

ஒட்டகம் அன்று காலை காபிகூடக் குடிக்காமல் நேராகச் சின்னவளின் மேசைக்கு வந்து நின்றான்.

"தாயே, என் செல்லுக்குக் காது முளைச்சிருக்கு."

ஒட்டகம் என்பது ஆய்வகத்தில் அவனுக்கு விழுந்த பெயர். கழுத்து நீளம், முதுகு அதைவிட நீளம். கிருமி புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டு வேலை செய்ய உட்கார்ந்தால் தன்னை மூன்றாக மடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அவளை வீட்டில் சின்னவள் என்பார்கள். அக்கா பெரியவள். அக்கா போன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

"காதா? உன் செல்லுக்கா?" என்று சிரித்தாள் சின்னவள். "கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு."

"துடைச்சாச்சு. மூணு தடவை பாத்தாச்சு."

செல்லின் மேற்பரப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வகைப் புரதத்தைத்தான் அவர்கள் காது என்பார்கள். எழுதும்போது ரிசப்டர், பேசும்போது காது. 'வளர்' என்ற செய்தி வெளியிலிருந்து வந்து அதில் ஒட்டினால், ஒருவன் தோளை இன்னொருவன் தட்டுவதுபோல் அது உள்ளே கைமாறிக் கைமாறிப் போகும். கடைசியில் செல் இரண்டாகப் பிரியும். புற்றுநோய்ச் செல்லில் இந்தக் காது சில சமயம் மூடவே மூடாது. யாரும் கூப்பிடாமலே கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு வளரும்.

ஒட்டகம் பல வருடமாக வளர்த்துவந்தது யாரோ ஒரு முதியவரின் எலும்புக் கட்டியிலிருந்து வந்த செல்கள். அவற்றுக்கு அந்தக் காது கிடையாது. கிடையாது என்பதற்காகவே அவற்றைத் தேர்ந்தெடுத்திருந்தான். செல்லுக்குப் பசி, சூடு, விஷம் என்று ஏதாவது நெருக்கடி வந்தால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளே சில கதவுகளைத் திறக்கும். அந்தக் கதவைத் திறக்கவிடாமல் அடைக்கிற ஒரு மருந்தைத்தான் அவன் சோதித்துக்கொண்டிருந்தான். கட்டுரை எழுதி ஒரு பத்திரிகைக்கும் அனுப்பியிருந்தான். 'உங்கள் செல்லுக்குக் காது இல்லை என்று எங்களுக்குக் காட்டுங்கள்' என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு. அவனும் செல்களை ஒரு நாள் பட்டினி போட்டு, பிறகு வளர்ச்சிச் செய்தியைச் சொட்டு விட்டுப் பார்த்தான். ஒன்றும் நடக்கக் கூடாது. ஆனால் உள்ளே விளக்குப் போட்டதுபோல் எல்லாம் விழித்துக்கொண்டன.

"வா, நீயே பாரு," என்றான்.

வளர்ப்பறை கதவைத் திறந்தால் எப்போதும் ஒரு ரீங்காரம். சுவரோரம் செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இரண்டு இன்குபேட்டர்கள், நடுவில் கண்ணாடிக் கூண்டு, ஜன்னல் பக்கம் மைக்ராஸ்கோப். பட்டினி போட்ட ஒரு தட்டை எடுத்து அவன் வைத்தான். சின்னவள் குனிந்து பார்த்தாள்.

முதியவரின் செல்கள் பட்டினியில் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். உருண்டு, தரையை விட்டுக் கிளம்பி, மிதக்கும். இவை மிதக்கவில்லை. கைகால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, சின்னதாகி, ஒன்றையொன்று ஒட்டி வளைந்த வரிசையாக உட்கார்ந்திருந்தன. யாரோ வெளியே தேடுகிறார்கள், சத்தம் போடாதே என்று சொல்லி வைத்ததுபோல.

அவள் முகத்தை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"என்ன தெரியுது?" என்றான் ஒட்டகம்.

"இது உன் செல் இல்ல. பதினேழு."

"உளறாத."

"ஒருத்தர் நடந்து வந்தா முதுகைப் பாத்தே தெரியும்ல, அந்த மாதிரி தெரியுது. பதினேழுதான்."

அவன் சிரிக்கவில்லை. பதினேழு யார் என்று அவனுக்கும் தெரியும்.

பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் கியர் மாற்றப் பழகினார்கள். பக்கத்து இருக்கையில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை அழுத்தி அழுத்திப் பழகிய வலது கால், வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் சும்மா இருக்காது. டிவியில் வண்டி வேகமாக வந்தால் கால் தானாகத் தரையை அழுத்தும். அத்தான் கேலி செய்வார். "மெதுவா அழுத்து, கீழ் வீட்டுக்காரங்க தலையில விழப்போற."

சிகரெட் வாசனையே ஆகாத அவளுக்கு நுரையீரலில் கட்டி வந்தது. அந்தக் கட்டிக்கு, மூடாத காது இருந்தது. காதை அடைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மாயம்போல் வேலை செய்தது. ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. அத்தான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பெரியவள் மறுபடி வேலைக்குப் போனாள், மறுபடி திட்டினாள்.

அந்த நல்ல நாட்களில்தான் ஒரு மாலை சின்னவளுக்கு வண்டி ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது திடீரென்று சொன்னாள்:

"எனக்கு பயமா இருக்குடி. அது போயிடுச்சுன்னு தோணவே மாட்டேங்குது."

"ஸ்கேன்ல சுத்தமா இல்லன்னு சொல்லிட்டாங்களே அக்கா."

"சொன்னாங்க. இருந்தாலும் உள்ள எங்கயோ மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்கு." பிறகு, "பச்சை விழுந்தாச்சு, கனவு காணாம எடு," என்றாள்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை, அது திரும்பி வந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டது. ஊசி போட்டு எடுத்தார்கள். ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டபோது பெரியவள் தங்கையைப் பார்த்துச் சொன்னாள்: "கொட்டத்தானே போறாங்க. எடுத்துட்டுப் போய் உன் புட்டியில ஊத்து. எனக்கு என்ன பண்ணுதுன்னு நீயாவது பாரு." கையெழுத்தும் போட்டாள். போர்வைக்கு அடியில் அவளுடைய வலது கால் அசைந்துகொண்டிருந்ததைச் சின்னவள் பார்த்தாள்.

அக்கா போனாள். நீரில் மிதந்து வந்த செல்கள் போகவில்லை. புட்டியின் தரையைப் பிடித்துக்கொண்டு, பெருகி, புட்டி போதாமல் வேறு புட்டிக்கு மாறின. ஆய்வகத்தில் அதன் எண் பதினேழு. ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் அம்மா, "உன்னால முடியுமா? வேற யார்கிட்டயாவது குடுக்கட்டுமா?" என்று கேட்டார். சின்னவள் முடியும் என்றாள். நாலு வருடமாக வளர்த்துவந்தாள்.

அவளுக்கு முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். இன்குபேட்டரின் உள்கதவைத் திறக்கும்போது முகத்தில் வந்து படும் காற்று. உடம்புச் சூடு, ஈரம். காய்ச்சலில் கிடந்த அக்காவின் முகத்தருகே குனிந்தபோது பட்ட அதே மூச்சு. ஒவ்வொரு முறையும் அரை நொடி நின்றுவிட்டுத்தான் கையை உள்ளே விடுவாள்.

*

டிஎன்ஏ அடையாளச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வந்த அன்று பேராசிரியர் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். அதிகம் பேசாதவர். கோபம் வந்தால் இன்னும் குறைவாகப் பேசுவார்.

"அந்தப் பெரியவரோட செல் ஒண்ணுகூட இல்ல," என்றார். "எல்லாம் பதினேழு."

ஒட்டகம் நாற்காலியில் மடங்கினான். நடந்தது என்ன என்று மூவருக்கும் புரிந்தது. ஒரே கூண்டில் இருவரும் மாறி மாறி வேலை செய்வார்கள். செல்களுக்கு ஊற்றும் உணவுத் திரவத்தின் பொதுப் புட்டியில் ஒரு சொட்டு தெறித்திருக்கும். சொட்டில் ஒரு செல் இருந்தாலும் போதும். வேகமாக வளர்வது மெதுவாக வளர்வதைப் பட்டினி போட்டுத் துரத்திவிடும். முதியவரின் செல்கள் எப்போதோ ஒரு நாள், யாரும் பார்க்காதபோது, தீர்ந்துபோயிருந்தன.

"அப்ப என் கட்டுரை?" என்றான் ஒட்டகம்.

"திரும்ப வாங்கிக்க வேண்டியதுதான்."

"மூணு வருஷம் மேடம். மூணு வருஷமா நான் இவ அக்காவுக்கா மருந்து குடுத்துட்டிருந்தேன்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

யார் கையிலிருந்து தெறித்தது என்று பேராசிரியர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாருக்கும் தெரியாது. "ஃப்ரீசர்ல இருக்கற எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்க. எதெல்லாம் பதினேழோ அதெல்லாம் அழிச்சிடணும். அறையையே கழுவணும். வாடிக்கையா வளக்கற பதினேழும் வேண்டாம். சுத்தமான அறை கிடைக்கற வரைக்கும் எதுவும் வேண்டாம்."

திரவ நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை விளிம்பு வழியாக வழிந்து தரையில் பரவும். அந்தப் புகைக்குள்ளிருந்து சின்னச் சின்னக் குழாய்களை எடுத்து, உருக்கி, சோதனைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. குடல் கட்டி என்று எழுதியிருந்த குழாய், பதினேழு. சிறுநீரகம் என்று எழுதியிருந்தது, பதினேழு. முன்பு வேலை பார்த்துவிட்டு வெளிநாடு போன ஒருவன் விட்டுச்சென்ற, யாரும் தொடாத குழாய், அதுவும். மேலே யார் யார் பெயரோ. உள்ளே ஒருத்தி.

சின்னவளுக்கு வீட்டில் கை கழுவும் பழக்கம் கூடிப்போனது. செல் வெளிக்காற்றில் சிறிது நேரம்கூடத் தாங்காது என்று அவளுக்குத் தெரியாததா? காய்ந்து செத்துவிடும். கதவுக் குமிழில் இருக்காது, தலையணை உறையில் இருக்காது, டம்ளர் விளிம்பில் இருக்காது. எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கழுவினாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் இருமியபோது, 'இவளிடமும் இருக்குமோ' என்று ஒரு கணம் ஓடிய நினைப்பில் அவளுக்கே பயம் வந்தது. என்ன தேடுகிறாள்? நோயையா, அக்காவையா?

*

மாதாமாதம் அத்தானிடமிருந்து போன் வரும். பல்செட் செய்கிறவர். போனில் பேசும்போது பின்னால் சின்ன ரம்பம் ஒன்று கிர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும். இறுதிச் சடங்கு முடிந்த வாரம் அவர் சுவரைப் பார்த்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது ஆறுதலுக்காகச் சின்னவள் சொல்லியிருந்தாள்: "அக்காவோட செல்லு எங்ககிட்ட உயிரோட இருக்கு அத்தான்." அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து போனில் முதல் கேள்வி அதுதான்.

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா அத்தான்."

பிறகு வேறு பேச்சு. வெயில், மழை, பல் கட்டிக்கொண்டு பணம் தராமல் இளித்துவிட்டுப் போனவன்.

இந்த மாதமும் கேட்டார். சின்னவளுக்கு வழக்கமான பதில் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னாள். ரம்பம் நின்றது.

"நான் வந்து ஒரு தடவை பாக்கலாமா?" என்றார். "இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்லையே."

பேராசிரியர் ஒப்புக்கொண்டார். அத்தான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். நகக்கண்களில் மட்டும் சுண்ணாம்பு மாவு. தலையை எண்ணெய் வழிய வாரிச் சீவியிருந்தார். யாரைப் பார்க்கப் போவதாக நினைத்துக் கிளம்பினார் என்று அந்தத் தலைவாரலிலேயே தெரிந்தது. சின்னவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

மேலங்கியும் கையுறையும் மாட்டிவிட்டு அழைத்துப்போனாள். ஒட்டகம் ஒரு மூலையில் நின்று புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் பதினேழின் புட்டி ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்து, தெளிவாகத் தெரியும்படி திருகிக் கொடுத்தாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு இரண்டையும் திறந்து, நெடுநேரம் பார்த்தார்.

"இதுல அவ எங்க?"

"எல்லாமே அக்காதான் அத்தான்."

"அசையலையே."

"அசையும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவா."

"அழகா இருக்கு," என்றார். "அடுக்கி வெச்ச மாதிரி. அவளுக்கு எதையும் அடுக்கி வெக்கணும்." கண்ணை எடுக்காமலே கேட்டார். "இது எந்த இடம்? தோலா? ரத்தமா?"

அவருக்குத் தெரியாது என்பதே சின்னவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடமும் அவருக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தாள். தெரியாமல் எப்படி இருக்கும் என்று ஒரு முறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"கட்டி அத்தான்."

"என்ன கட்டி?"

"அக்கா நுரையீரல்ல இருந்த கட்டி. அந்தத் தண்ணியில மிதந்து வந்தது. மத்த செல் எல்லாம் புட்டியில ரொம்ப நாள் நிக்காது. இதுதான் நிக்கும்."

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து மெல்ல நிமிர்ந்தார். கையுறை போட்ட கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இது அவ இல்ல."

"அக்காவோட உடம்புதான். ஆனா..."

"அவளைக் கொன்னது."

சின்னவள் தலையசைத்தாள்.

அப்புறம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. "நாலு வருஷமா," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு, "நாலு வருஷமா அந்தச் சனியனுக்கு நலம் விசாரிச்சிருக்கேன்! நல்லா இருக்கான்னு நீ சொன்னாத்தான் எனக்குத் தூக்கமே வரும்! பிறந்தநாளுக்கு வாழ்த்து வேற சொல்லச் சொன்னேனேடா சாமி!" ஒட்டகம் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் புட்டியைக் கட்டிக்கொண்டு நின்றான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று சொல்ல முடியாது. கையுறையோடு முகத்தைத் துடைக்கப் போனவரைச் சின்னவள் தடுத்தாள். அவர் அவள் கையை உதறினார்.

"நீ சோறு போட்டு வளத்திருக்கே."

"எப்படிக் கொல்றதுன்னு தெரிஞ்சுக்கத்தான் வளத்தேன்."

"தெரிஞ்சுதா?"

அவள் பொய் சொல்லவில்லை. "இல்ல. காதை அடைச்சா சாகறதில்ல அத்தான். சுருங்கிக்குது. தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுட்டு, மூச்சு விடாத மாதிரி காத்திருக்குது. மருந்து ஓஞ்சதும் எழுந்திருக்குது. ஸ்கேன் சுத்தமா இருந்த மாசமெல்லாம் அக்காவுக்குள்ள அப்படித்தான் உக்காந்திருந்திருக்கு."

"அப்ப ஊத்து. எல்லாத்தையும். என் கண்ணு முன்னாடி ஊத்து."

எப்படியும் ஊற்ற வேண்டியதுதான். சின்னவள் மைக்ராஸ்கோப்பில் இருந்த புட்டியை எடுத்து மூடியைத் திறந்தாள். வாளியில் பிளீச்சிங் கரைசல் இருந்தது. ரோஜா நிறத் திரவம் அதில் விழுந்து, ஒரு சுழி சுழன்று, நிறம் போய் வெறும் தண்ணீர்போல் ஆனது. அவள் புட்டிக்குள்ளும் கரைசலை ஊற்றி நன்றாகக் குலுக்கினாள். அத்தான் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

"இவ்வளவு சுலபமா செத்துப்போற ஒண்ணுக்கா அவ அப்படிக் கெடந்தா?"

புட்டியில் எதையும் கொன்றுவிடலாம், மனுஷியை வைத்துக்கொண்டு கொல்வதுதான் கஷ்டம் என்று அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவர் மேலங்கியைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

*

அவர் போன பிறகு சின்னவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒட்டகம் பக்கத்தில் வந்து முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். அவன் ஆறுதல் சொல்லத் தெரியாதவன். ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினான்.

"சாகறதில்ல சாகறதில்லன்னு அவர்கிட்ட சொல்றியே. என்கிட்ட ஒரு தட்டு செத்துச்சே."

"எது?"

"என் செல்லுக்குக் காது முளைச்சது தெரியறதுக்கு முன்னாடி. பத்திரிகைக்காரங்க கேட்டாங்கன்னு காதை அடைக்கற மருந்தையும் என் மருந்தோட சேத்து ஒரு தட்டுல போட்டேன். காதே இல்லாத செல்லுல அது ஒண்ணும் பண்ணாதுன்னு காட்டறதுக்கு. காலையில வந்து பாத்தா மொத்தமும் மிதக்குது. கை சுத்தமில்லாம பண்ணிட்டேன்னு தூக்கிப் போட்டுட்டேன். மறுபடி பண்ணேன், அதுவும் போச்சு. சரி, நம்ம நேரம் சரியில்லன்னு..."

அவன் பாதியில் நிறுத்தினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செத்தது முதியவரின் செல் இல்லை. பதினேழு. காதை அடைத்தால் பதினேழு நெருக்கடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே பதுங்கும். ஒட்டகத்தின் மருந்து அந்தக் கதவைத்தான் அடைக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் அடைத்தால் பதுங்க இடமில்லை.

"யாருக்குக் குடுக்கறோம்னு தெரியாமலே குடுத்திருக்கேன்," என்றான் ஒட்டகம், வாயைப் பிளந்தபடி.

பேராசிரியர் கேட்டுவிட்டு, அக்காவிடமிருந்து வந்த முதல் வாரத்தில் உறைய வைத்த குழாய்களில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். வேறு மாடியில் ஓர் அறை, வேறு இன்குபேட்டர், எல்லாம் புதிது. "நீ செய்யறியா, அவன் செய்யட்டுமா?" என்று இந்த முறையும் கேட்டார்.

"நானே செய்யறேன் மேடம்."

குழாயை உருக்கி, புட்டியில் விட்டு, மறுநாள் பார்த்தபோது அவை தரையைப் பிடித்திருந்தன. நாலு வருட உறக்கத்திலிருந்து எழுந்தவைபோலவே இல்லை. நேற்று மாலைதான் கிளம்பி வந்ததுபோல் இருந்தன. சின்னவள் தட்டுகளில் பிரித்து வைத்தாள். ஒன்றில் எதுவும் போடவில்லை. ஒன்றில் காதை அடைக்கும் மருந்து, ஒன்றில் ஒட்டகத்தின் மருந்து, கடைசியில் இரண்டும்.

முதல் தட்டில் வளர்ந்தன. இரண்டாவதில் அந்தப் பழைய காட்சி, கைகால் சுருக்கி, வரிசையாக, சத்தமில்லாமல். அக்கா மறுபடி வேலைக்குப் போன நாட்களின் காட்சி அது என்று இப்போது பார்த்தபோது அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. பெரியவள் சிவப்பு விளக்கில் பயந்தது இதற்குத்தான். மூன்றாவதில் கொஞ்சம் சோர்ந்திருந்தன, அவ்வளவே.

நான்காவதை வைத்தபோது ஒரு செல்லை மட்டும் பார்ப்பது என்று தீர்மானித்துக்கொண்டாள். அது முதலில் மற்றவைபோல் சுருங்கியது. பதுங்கப் பார்த்தது. பிறகு அதன் விளிம்பு கொதிக்கும் பால்போல் குமிழ் குமிழாகக் கிளம்பியது. அடங்கியது. மறுபடி கிளம்பியது. அவள் மதியம் சாப்பிடாமல் பார்த்தாள். ஒட்டகம் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனான். மாலை வெயில் ஜன்னல் விளிம்பைத் தொட்டபோது அது தரையை விட்டது. லேசாகத் திரும்பி, மிதந்து, மைக்ராஸ்கோப்பின் பார்வை வட்டத்துக்கு வெளியே போனது.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். அக்கா கடைசியாகக் கிடந்த வார்டுக்கு வெளியே கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி நின்ற அந்த நாள்தான் திரும்ப வந்தது. ஏதோ வலிக்கிறதே என்று கீழே பார்த்தால், வலது கால் தரையை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ. எடுக்க முயன்றாள். கெண்டைக்கால் மரத்துப்போய் எழ மறுத்தது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்த வேண்டியிருந்தது. அந்தக் கால் தன்னுடையதுதானா என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றவில்லை.

*

தட்டில் நடந்தது மனித உடம்பில் நடக்கும் என்று அர்த்தமில்லை. முதலில் வேறோர் ஆய்வகம் இதையே செய்து பார்க்க வேண்டும். அதற்குப் பதினேழை அங்கே அனுப்ப வேண்டும். கையெழுத்து ஏற்கெனவே அக்கா போட்டதுதான். இருந்தாலும் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா என்றார் பேராசிரியர்.

சின்னவள் அத்தானின் பட்டறைக்குப் போனாள். பாதி செய்த பல்வரிசைகள் மேசை முழுக்க இளித்துக்கொண்டிருந்தன. அவர் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை, வா என்றும் சொல்லவில்லை, காலால் ஒரு முக்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

நடந்ததைச் சொன்னாள். நான்காவது தட்டு வரை. அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"ரெண்டு மருந்தும் அப்பவே இருந்திருந்தா?"

"தெரியாது அத்தான். உடம்பு தாங்கியிருக்குமான்னும் தெரியாது."

"நீ தெரியாதுங்கறதை இப்பத்தான் ஒழுங்காச் சொல்றே," என்றார். கோபம் பாதி வடிந்திருந்தது. பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அனுப்பு. ஊர் ஊரா போகட்டும். போற இடத்துல எல்லாம் அடி வாங்கட்டும்."

"சரி."

"ஆனா எனக்கு இனிமே எதுவும் சொல்லாதே. செத்துதா பொழைச்சுதா, எதுவும் வேண்டாம். எனக்கு அவளை ஞாபகம் வெச்சுக்கணும். இதைப் பாத்ததிலருந்து அவ முகத்தை நெனச்சா அந்த வரிசைதான் வருது."

"எனக்கும்தான் அத்தான்."

அவர் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு, பக்கத்துக் கடையில் டீ வாங்கிவந்தார். சர்க்கரை கூடுதலாக இருந்தது. இருவரும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள்.

பழைய வளர்ப்பறையைக் கழுவிக் காயவைத்து, பூச்சுப் பூசி, இன்குபேட்டர்களை மாற்றினார்கள். ஒட்டகத்தின் கட்டுரை திரும்பி வந்தது. காதில்லாத வேறு செல்களைப் புதிதாக வாங்கி, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினான். கூண்டைப் பகிர்ந்துகொள்வதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஆனாலும் புதுச் செல் எது வந்தாலும் சின்னவள் பட்டினி போட்டு ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வேலையில் எடுப்பாள். உருண்டு மிதந்தால் மூச்சு விடுவாள். மிதக்கக் கொஞ்சம் தாமதமானாலும் போதும், அதைத் தனியே ஒதுக்கி வைத்துவிடுவாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு காலை, நடைபாதையில் தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. ஒட்டகம். தலை கதவு நிலையில் இடிக்க, கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

"செத்துடுச்சு! அங்கயும் செத்துடுச்சு! ரெண்டையும் போட்ட தட்டு மொத்தமும்! அவங்க மூணு தடவை பண்ணிப் பாத்துட்டாங்களாம்!"

அறையில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு பேராசிரியர் வெளியே வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றார். கைதட்டலுக்கு நடுவில் ஒட்டகம் சின்னவளைப் பார்த்தான். போனைத் தூக்கிய கை மெல்ல இறங்கியது.

"மன்னிச்சுக்கோ தாயே," என்றான்.

"எதுக்கு?" என்றாள் சின்னவள். முகம் வெளிறியிருந்தது. எல்லோரையும்போல் அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவளுடைய கைகள் சிறிது நேரம் தட்டிக்கொண்டே இருந்தன.